தள்ளாமை

முதுமையைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. மூப்பு, நரை, திரை, கிழம் என்று உடம்பின் ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஒரு சொல் இருக்கிறது. ஆயினும் வீடுகளில் வயதானவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் எடுப்பது இவற்றுள் எதையுமன்று. ‘தள்ளாத வயது’ என்கிறோம். ‘முன்னே மாதிரி தள்ளலைப்பா’ என்று பெரியவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். தள்ளாமைக்கும் தள்ளாட்டத்திற்கும் வேர் ஒன்றுதானா என்பதை அகராதிக்காரர்களிடம் விட்டுவிடலாம். கேட்கும் காதில் இரண்டும் ஒன்றையொன்று கைப்பிடித்துக்கொண்டே வருகின்றன. கண் மங்குவதையும் செவி அடைப்பதையும் விட, நிலையாக நிற்க முடியாமற் போவதையே முதுமையின் அடையாளமாக நம் பேச்சு தேர்ந்தெடுத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

புறநானூற்றின் 243ஆம் பாடலை எழுதியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் பாடலில் வரும் ஊன்றுகோலே அவருக்குப் பெயராகி, தொடித்தலை விழுத்தண்டினார் என்று நிலைத்துவிட்டது. இப்பாடலை வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். இளமையில், நீர்மேல் தாழ்ந்த மரக்கிளையேறி, கரையில் நிற்போர் வியக்க மடுவில் குதித்து, அடி மணலை அள்ளி வந்தவர். இப்போது பூண் கட்டிய தடியை ஊன்றி, நடுங்கி, இருமலுக்கிடையே சில சொற்கள் பேசுகிறார். இளமை போயிற்றே என்ற இரக்கம்தான் பாடலின் பொருள் என்று நானும் சொல்லிக்கொடுத்துவந்தேன். அண்மைக் காலமாக வேறொன்று கண்ணில் படுகிறது. உயரத்திலிருந்து தலைகீழாகப் பாய்ந்து, இருண்ட நீருக்குள் மேல் எது கீழ் எது என்று தடுமாறாமல் மண்ணெடுத்து மீண்டும் மேலே வருவதற்கு வலிமை மட்டும் போதாது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் திசை சொல்ல உடம்புக்குள் ஏதோ ஒன்று வேண்டும். பிற்காலத்தில் அவருக்குக் கோல் தேவைப்பட்டதும் ஒருவேளை அதே ஒன்று தளர்ந்ததால்தானோ என்னவோ.

இந்த எண்ணம் இலக்கியத்திலிருந்து வரவில்லை, வீட்டிலிருந்து வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி விடியலில், சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா, குனிந்த தலையைச் சட்டென நிமிர்த்தித் தெருவைப் பார்த்தார்; அப்படியே சரிந்து திண்ணையோரத்தில் விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. காட்டிய மருத்துவமனையில் படமெடுத்துப் பார்த்து, ‘வயசாகுதில்லையா, பார்த்து நடக்கணும்’ என்று சொல்லித் தலைச்சுற்றலுக்கு மாத்திரை கொடுத்தார்கள். அம்மா பார்த்து நடக்கவில்லை, நடப்பதையே நிறுத்திவிட்டார். கோலம் நின்றது, கோயில் நின்றது, மாடிப்படி நின்றது. தலையைத் திருப்பினால் சுற்றும் என்று கழுத்தைச் சிலைபோல் வைத்துக்கொண்டு கூடத்து நாற்காலியில் அமர்ந்திருப்பார். விழுந்த ஒரு நொடியை விட, விழாமல் கழித்த அந்த ஏழெட்டு மாதங்களே அவரை அதிகம் முதுமைப்படுத்தின. அதன் காரணத்தைத் தேடப் போய்த்தான் நான் அறியாத ஒரு துறையின் வரலாற்றுக்குள் நுழைந்தேன்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கிறது என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. தொடுதல், சுவை, மோப்பம், பார்வை, கேள்வி, அதன் மேல் மனம். அரிஸ்டாட்டிலும் ஐந்துடன் நிறுத்திக்கொண்டார். இரண்டு மரபுகளிலும் நிலைநிற்கும் உணர்வுக்கு இடமில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒழுங்காக இயங்கும் வரை இப்படி ஒரு புலன் இருப்பதே தெரியாது என்பதுதான் அதன் இயல்பு. கண்ணை மூடினால் பார்வை போவது தெரியும். காதைப் பொத்தினால் ஓசை குறைவது தெரியும். இந்தப் புலனைப் பொத்திப் பார்க்க வழியே இல்லை. கெட்டுப்போன பிறகுதான் அது தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. அதுவும் தன் பெயரில் வராமல் பித்தம், மயக்கம், கிறுகிறுப்பு என்று வேறு பெயர்களில் வருகிறது.

அது இருக்குமிடம் உட்செவி. கேட்பதற்குரிய நத்தை வடிவ உறுப்பை ஒட்டியே, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று தளங்களில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துச் சட்டென்று திருகிப் பாருங்கள். செம்பு திரும்பும், தண்ணீர் உடனே திரும்பாமல் பின்தங்கும். தலை திரும்பும்போது அந்தக் குழல்களுக்குள் இருக்கும் நீர்மமும் இப்படித்தான் பின்தங்கி, அங்குள்ள மெல்லிய சவ்வைத் தள்ளி, நுண்மயிர்களை வளைக்கிறது. எந்தத் தளத்தில், எவ்வளவு வேகத்தில் தலை திரும்பியது என்ற செய்தி மூளைக்குப் போகிறது. குழல்களுக்கு அருகிலேயே இரண்டு சிறு பைகள். அவற்றில் சுண்ணாம்புப் படிகங்கள் பொதிந்த பசைப் படலம். தலை சாய்ந்தால் படிகங்களின் எடை நுண்மயிர்களை இழுக்கும். கொத்தனார் கையில் ரசமட்டமும் தூக்குக்குண்டும் இருப்பதுபோல, நாம் ஒவ்வொருவரும் காதுக்கு இரண்டாகத் தூக்குக்குண்டுகளையும் மூன்றாகக் குழல்களையும் சுமந்து திரிகிறோம்.

இது கண்டறியப்பட்ட கதை புறாக்களிலிருந்து தொடங்குகிறது. 1820களில் பாரிசில் ஃப்ளூரன்ஸ் என்ற உடலியலாளர் புறாக்களின் அரைவட்டக் குழல்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தார். புறாவின் கேள்வி கெடவில்லை. ஆனால் எந்தத் தளத்துக் குழலை வெட்டினாரோ அந்தத் தளத்தில் அதன் தலை ஓயாமல் ஆடியது. காதுக்குள் கேட்பதற்குத் தொடர்பில்லாத ஏதோ ஒன்று இருக்கிறது என்பதற்கு அதுவே முதல் சான்று. அதன் பொருள் என்ன என்று புரிய அரை நூற்றாண்டு பிடித்தது. 1861இல், அதே நகரில் காது கேளாதோர் நிறுவனத்தின் மருத்துவராயிருந்த மெனியேர், திடீர்த் தலைச்சுற்றலும் வாந்தியும் காதிரைச்சலும் சேர்ந்து வருவது மூளையில் இரத்தம் கட்டுவதால் அன்று, உட்செவியின் கோளாற்றால் என்று வாதிட்டார். அதுவரை அத்தகைய நோயாளிகளுக்கு மூளைக் கொதிப்பு என்று சொல்லி இரத்தம் வடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டே மெனியேர் இறந்துபோனார். 1870களின் நடுவில் எர்ன்ஸ்ட் மாக், யோசஃப் பிராயர், க்ரம் பிரவுன் ஆகிய மூவர் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள்: குழல்களின் வேலை சுழற்சியை அறிவது. இந்தப் பிராயர்தான் பின்னாளில் ஃபிராய்டுடன் சேர்ந்து மனநோய் பற்றி நூல் எழுதியவர் என்பது இலக்கிய வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கலாம்.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது வில்லியம் ஜேம்ஸ் 1882இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு. ஊஞ்சலில் உட்காரவைத்துக் கயிற்றை முறுக்கி விடுவது நம்மூர்ப் பிள்ளைகளும் செய்யும் குறும்புதான். ஜேம்ஸ் இதையே பிறவியிலோ இளமையிலோ செவிப்புலன் இழந்தோரிடம் செய்து பார்த்தார். 519 பேரில் 186 பேருக்குத் தலை சுற்றவேயில்லை. கேள்வியோடு சேர்ந்து அவர்களுடைய சுழற்சிப் புலனும் போயிருந்தது. ஆனால் அவர்கள் நடந்தார்கள், ஓடினார்கள், வேலை செய்தார்கள். கண்ணும் காலும் மீதிப் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருந்தன. இழந்த புலனுக்கு ஈடு செய்ய உடம்புக்குத் தெரியும் என்பதற்கான குறிப்பு அந்தக் கட்டுரையிலேயே இருந்தது. அதைச் சிகிச்சையாக மாற்ற இன்னும் அறுபதாண்டுகள் ஆயின.

இடையில் வந்தவர் ராபர்ட் பாரானி. 1876இல் வியன்னாவில் பிறந்தவர். சிறுவயதில் எலும்புக் காசநோய் வந்து ஒரு முழங்கால் மடங்காமற் போயிற்று. ஆயினும் மலையேறுவதை விடவில்லை. காது மருத்துவராகி நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீச்சிக் கழுவிக்கொண்டிருந்தபோது, சிலர் தலைசுற்றுகிறது என்று முறையிட்டார்கள். ஒருவர் தண்ணீர் மிகக் குளிர்ச்சியாயிருந்தது என்றார். மறுமுறை வெந்நீர் மிகுந்து அதிலும் சுற்றியது. கண்மணிகள் அசைந்த திசை மட்டும் எதிராயிருந்தது. வேறொருவராக இருந்தால் இதமான சூட்டில் தண்ணீர் வைக்கச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருப்பார். பாரானி குளியலறை வெந்நீர்க் கொதிகலனை நினைத்தார். அடியில் சூடேறிய நீர் மேலே எழும். குளிர்ந்தது கீழே இறங்கும். குழல்களுக்குள் இருக்கும் நீர்மமும் சூட்டாலும் குளிராலும் அப்படியே ஓடுகிறது என்று கண்டார். ஒவ்வொரு காதின் நிலைப்புலனையும் தனித்தனியே சோதிக்கும் முறை அப்படிப் பிறந்தது. இன்றும் அது வழக்கிலிருக்கிறது. 1914ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசு அவருக்கு என்ற செய்தி வந்தபோது, ஆஸ்திரியப் படையின் மருத்துவராகச் சென்று பிடிபட்டு, மத்திய ஆசியாவில் ரஷ்யக் கைதி முகாமில் இருந்தார். ஸ்வீடன் இளவரசர் ஒருவரின் முயற்சியால் 1916இல் விடுதலையாகிப் பரிசு பெற்றார். ஊர் திரும்பிய அவரை வியன்னாவின் சக அறிஞர்கள், பிறர் பணியை உரிய வகையில் குறிப்பிடவில்லை என்று குற்றம் சாட்டி மனம் நோகச் செய்தார்கள். அவர் ஸ்வீடனின் உப்சாலா நகருக்குப் போய்விட்டார். பல்கலைக்கழகங்கள் எந்த நாட்டிலும் பல்கலைக்கழகங்களாகவே இருக்கின்றன.

இவ்வளவும் நோயைக் கண்டறிந்த கதை. கண்டறிந்த பின் செய்ததென்ன? ஓய்வு. தலை சுற்றினால் படுத்துக்கொள், தலையை அசைக்காதே. அம்மாவிற்குச் சொன்னதும் அதுதான். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை உலகமெங்கும் சொன்னதும் அதுதான். இதை மாற்றியவர்கள் இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையைச் சேர்ந்த இருவர்: காது அறுவை மருத்துவர் காதோர்ன், உடற்பயிற்சி மருத்துவர் கூக்ஸி. இரண்டாம் உலகப் போர்க்காலம். தலையில் அடிபட்டவர்களும், ஒரு பக்கத்து உட்செவியை அறுவையில் இழந்தவர்களும் வந்துகொண்டிருந்தார்கள். படுக்கையில் கிடந்தவர்களை விட, விரைவில் எழுந்து நடமாடியவர்கள் சீக்கிரம் தேறுவதை இருவரும் கவனித்தார்கள். எந்த அசைவு சுற்றலைத் தருகிறதோ அந்த அசைவையே வேண்டுமென்று, சிறிது சிறிதாக, மீண்டும் மீண்டும் செய்யச் சொன்னார்கள்.

1940களின் நடுவில் அவர்கள் வகுத்த பயிற்சிகளைப் படிக்கும்போது இதற்குத்தானா இவ்வளவு என்று தோன்றும். முதலில் படுக்கையிலேயே கண்ணை மட்டும் மேலும் கீழும், இடமும் வலமும் அசைப்பது. பிறகு தலையை அவ்வாறே. முதலில் மெதுவாக, பிறகு விரைவாக, இறுதியில் கண்ணை மூடிக்கொண்டு. பிறகு உட்கார்ந்து குனிந்து தரையில் கிடப்பதை எடுப்பது. உட்கார்ந்தும் எழுந்தும் பழகுவது. சிறு பந்தைக் கண்மட்டத்திற்கு மேல் ஒரு கையிலிருந்து மறுகைக்கு எறிவது. அறையைக் குறுக்கே கடப்பது, சரிவிலும் படியிலும் ஏறியிறங்குவது. கடைசியில் கூட்டமாகச் சேர்ந்து, நடுவில் நிற்பவரைச் சுற்றி வந்து பந்தெறிந்து விளையாடுவது. தனியாகச் செய்வதை விடக் குழுவாகச் செய்ய வேண்டும் என்பதிலும், இரைச்சலும் நெரிசலும் உள்ள இடங்களில் பழக வேண்டும் என்பதிலும் கூக்ஸி பிடிவாதமாயிருந்தார். அமைதியான அறையில் நேராக நடப்பவன் கடைத்தெருவில் விழுந்துவிடுவான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இதில் நடப்பது என்னவென்றால், கெட்ட காதைப் பயிற்சி சரிசெய்வதில்லை. இறந்த நுண்மயிர் அணுக்கள் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. மாறுவது மூளை. இரு காதிலிருந்தும் வரும் செய்திகள் ஒவ்வாதபோது, அந்தப் பிழையைத் திரும்பத் திரும்பச் சந்தித்தால்தான் மூளை தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. அசையாமல் இருப்பவருக்குப் பிழையே நேர்வதில்லை. ஆகவே திருத்தமும் நேர்வதில்லை. தலைச்சுற்றலை அடக்கும் மாத்திரைகள் முதல் சில நாள்களுக்கு உதவுகின்றன. மாதக்கணக்கில் தொடர்ந்தால் இந்தத் திருத்தத்தைத் தாமதப்படுத்துகின்றன. இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் அம்மாவை அன்போடு அசையாமல் வைத்திருந்தோம்.

இந்தப் புலனை முழுவதும் இழந்தால் என்னவாகும் என்பதை ஒரு மருந்தே உலகிற்குக் காட்டியது. 1943இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயை வென்ற முதல் மருந்து. அதற்காக வாக்ஸ்மனுக்கு 1952இல் நோபல் கிடைத்தது. அதே 1952இல், அம்மருந்தால் உயிர் பிழைத்து, இரு காதுகளின் நிலைப்புலனையும் இழந்த அமெரிக்க மருத்துவர் ஒருவர், தம் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் இட்டு, தம் அனுபவத்தை மருத்துவ இதழொன்றில் எழுதினார். படுக்கையில் படிக்க முயன்றால் நாடித் துடிப்பின் அசைவுக்கே எழுத்துகள் குதித்தன. கட்டிலின் கம்பிகளுக்கிடையே தலையை அழுத்தி வைத்துக்கொண்டுதான் படிக்க முடிந்தது. நடக்கும்போது உலகம் முழுதும் மேலும் கீழும் ஆடியது. நாம் நடந்துகொண்டே எதிரில் வருபவர் முகத்தை அறிவதும், பேருந்தில் குலுங்கிக்கொண்டே கடைப் பலகைகளைப் படிப்பதும் இந்தப் புலன் நொடிக்கு நொடி கண்ணைத் திருத்திக்கொண்டிருப்பதால்தான் என்பது அவர் எழுத்தைப் படித்தால் விளங்கும்.

இம்மருந்தின் வரலாற்றில் சென்னைக்குப் பெரிய பங்குண்டு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளைச் சானடோரியத்தில் அடைக்க வேண்டியதில்லை, நெரிசலான குடிசையில் வைத்துச் சிகிச்சை செய்தாலும் அதே பலன் கிடைக்கும் என்று 1959இல் நிறுவியது. உலக நாடுகளின் சிகிச்சை முறையையே மாற்றிய ஆய்வு அது. 1964இல் அம்மையம் வாரம் இருமுறை ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியசிடும் கொடுக்கும் முறையைச் சோதித்து வெளியிட்டது. எண்ணற்ற உயிர்களைக் காத்த ஊசி அது. அதன் விலையைச் சிலர் காதால் கொடுத்தார்கள். முதியவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதால் வயது கடந்தவர்களுக்கு அளவைக் குறைத்துப் போடும் வழக்கம் பின்னர் வந்தது. நெசவாளர் தெருக்களில் காசநோய் அரிதாக இருந்ததில்லை. ஊசி போட்டுக்கொண்ட பின் இருட்டில் சுவரைப் பிடித்து நடந்த பெரியவர்களைப் பற்றி என் பிள்ளைப் பருவத்தில் கேட்டிருக்கிறேன். அப்போது அதை நோயின் பலவீனம் என்றே எல்லாரும் எண்ணினார்கள்.

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு நிலைநிற்பதைப் பற்றி எழுதும்போது சிலைகளை நினைக்காமலிருக்க முடியாது. உலகளந்த பெருமாள் கோயிலில் முப்பதடிக்கு மேற்பட்ட திரிவிக்கிரமர் இடக்காலைப் பக்கவாட்டில் உயர நீட்டி, ஒற்றைக் காலில் நிற்கிறார். கைலாசநாதர் கோயிலில் இராசசிம்மன் காலத்துச் சிற்பி, காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடும் சிவனைச் செதுக்கி வைத்திருக்கிறான். காமாட்சி ஐந்தீ நடுவே ஒற்றைக் கால் விரலூன்றித் தவமிருந்தது மாங்காட்டில் என்பது தலபுராணம். மாமல்லபுரத்துத் தவக் காட்சியில் ஒற்றைக் காலில் நிற்கும் முனிவரைப் பார்த்து ஒரு பூனையும் அவ்வாறே நிற்கிறது. தெய்வத் தன்மையின் அடையாளமாக ஒற்றைக் கால் நிலையைப் பல்லவர் இத்தனை முறை தேர்ந்தது, அது மனிதருக்கு எளிதன்று என்பதால்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் எத்தனை நொடி நிற்க முடிகிறது என்று இன்றும் முதியோர் மருத்துவத்தில் பார்க்கிறார்கள். வாசகர்கள் முயன்று பார்க்கலாம். பக்கத்தில் சுவர் இருக்கட்டும்.

குறுந்தொகை ஏழாம் பாடல் கயிற்றின் மேல் ஆடும் ஆரியக் கூத்தரின் பறையைக் குறிப்பிடுகிறது. பிள்ளைகளின் தட்டாமாலை, மார்கழிக் கும்மி, பிராகாரம் சுற்றுதல், குடமும் கரகமும் தலையில் தாங்கி ஆடுதல் என்று நிலைப்புலனை வேலை வாங்கும் பழக்கங்கள் நம்மிடம் நிறைய. கும்மியில் குனிகிறோம், நிமிர்கிறோம், திரும்புகிறோம், வட்டமாய் நகர்கிறோம், கூட்டமாய்ச் செய்கிறோம். கூக்ஸியின் பட்டியலில் இருப்பதும் ஏறத்தாழ இவையே. இங்கே ஒரு எச்சரிக்கை. இதைச் சொன்னவுடன், எல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்ததுதான் என்று எழுதிவிடும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. முன்னோர் அரைவட்டக் குழலை அறியவில்லை. அதைக் கண்டுபிடிக்கப் புறாக்களும், நூற்றாண்டு காலச் சண்டைகளும் தேவைப்பட்டன. முன்னோர் செய்தது வேறு: வயதானவரும் ஆடக்கூடிய, வயதானவரையும் சேர்த்துக்கொள்ளும் ஆட்டங்களை வைத்திருந்தார்கள். அவற்றை விட்டது நாம். கும்மியை மேடை நிகழ்ச்சியாக்கிப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம். பாட்டிகள் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

தறியையும் சொல்ல வேண்டும். குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து கால்களைக் குழிக்குள் மிதிமேல் வைத்திருப்பார். கண் பாவிலும் ஊடையிலும். தலை மணிக்கணக்கில் ஒரே சாய்வில். எங்கள் தெருவில் தறியை விட்ட முதியவர்கள் சிலரைக் கேட்டிருக்கிறேன். கை ஓயவில்லை, கண்ணாடி போட்டால் ஜரிகை தெரிகிறது, குழியிலிருந்து எழும்போதுதான் ஆளைத் தூக்கிப் போடுகிறது என்றார் ஒருவர். இதற்கு இரத்த அழுத்தம் சட்டென இறங்குவதும் காரணமாகலாம், கால் தசையின் தளர்ச்சியும் ஆகலாம், காதும் ஆகலாம். எது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் வயது என்ற ஒரே கணக்கில் எழுதுவதுதான் நம் வழக்கம்.

அப்படி எழுதக் கூடாது என்று இந்தியாவிலேயே முதலில் துறையாக நின்று சொன்ன இடம் சென்னைதான். 1978இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கென்று புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1996இல் அங்கேயே முதியோர் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு வந்தது. அவர் தமிழிலேயே முதியோர் நலம் பற்றிப் பல நூல்களும் எழுதியிருக்கிறார். மருத்துவத் தமிழைப் பற்றி மாநாடு நடத்துகிறவர்கள் அந்த நூல்களைக் கவனித்ததாகத் தெரியவில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். உலக அளவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். அமெரிக்காவில் 2001 முதல் 2004 வரை நடந்த தேசிய ஆய்வில், நாற்பது கடந்தவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு நிலைப்புலனில் ஏதோ ஒரு குறை காணப்பட்டது. நாற்பதிலேயே தொடங்குகிறது என்பதைப் படித்தபோது, அதே பத்தாண்டில் இருக்கும் நான் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பயிற்சி பயன் தருகிறதா? 2019இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு 108 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, உடற்பயிற்சி முதியோர் விழும் எண்ணிக்கையை ஏறத்தாழ நூற்றுக்கு 23 அளவு குறைக்கிறது என்றது. 1996இல் அட்லாண்டாவில் எழுபது கடந்த 200 பேரை வைத்து நடந்த ஆய்வு இன்னும் சுவையானது. ஒரு குழுவிற்குக் கணினியுடன் இணைந்த ஆடும் மேடையில் பயிற்சி. இன்னொரு குழுவிற்குத் தை சி எனும் மெதுவான சீன அசைவுகள். தை சி கற்றவர்கள் மீண்டும் மீண்டும் விழும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கணினி மேடையால் அந்தப் பலன் இல்லை. ஓஹையோவில் 2022இல் வெளியான ஆய்வொன்று வேறு வழியில் போகிறது. இருட்டறையில் அசையும் நாற்காலியில் அமர்த்தி, மிக நுண்ணிய அளவில் இடமோ வலமோ சாய்த்து, எந்தப் பக்கம் என்று கேட்டு, சரியா தவறா என்று உடனே சொல்வது. ஐந்து நாள், நாளுக்கு நூற்றுக்கணக்கான சாய்வுகள். பயின்றவர்களுக்குச் சாய்வை உணரும் கூர்மை கூடியது, நிற்பதும் மேம்பட்டது. இசை பயின்றவரின் செவி சுருதியைப் பிரித்தறிவதுபோல, செவியின் இந்த மறுபாதியையும் பயிற்றலாம் என்பதே செய்தி. ஆனால் பயின்றவர்கள் சிலரே, இளையவர்கள். முதியவர்கள் விழுவதை இது குறைக்குமா என்பது இனிமேல் தெரிய வேண்டியது.

எல்லாத் தலைச்சுற்றலுக்கும் பயிற்சியே மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. திடீரென்று வாய் குழறி, கை தளர்ந்து, தலை சுற்றினால் அது மூளையின் இரத்தக் குழாய்ப் பிரச்சினையாக இருக்கலாம். ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. இன்னொரு வகை, பைகளிலுள்ள படிகங்கள் கழன்று குழலுக்குள் நழுவுவது. படுக்கையில் புரண்டால், அண்ணாந்தால், குனிந்து நிமிர்ந்தால் சில நொடிகள் உலகமே சுழலும். இதை 1921இல் பாரானியே விவரித்தார். 1980இல் எப்ளி என்ற அமெரிக்கர் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படிகங்களை வந்த வழியே வெளியேற்றலாம் என்று காட்டினார். கத்தியில்லை, மாத்திரையில்லை, பத்து நிமிடம். சக மருத்துவர்கள் நெடுநாள் நம்பவில்லை. அம்மாவிற்கு இருந்ததில் ஒரு பகுதி இதுதான் என்பது, விழுந்து ஒன்பதாவது மாதம் வேறொரு மருத்துவர் அவரைக் கட்டிலில் சாய்த்துக் கண்ணைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. படிகம் அன்றே இடம் மாறியது. ஒன்பது மாதம் அசையாதிருந்ததன் தளர்ச்சி மாறவில்லை.

அதற்குப் பிறகுதான் பயிற்சி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடுகளுக்கே வருவது வாசகர்கள் அறிந்ததுதான். எங்கள் வீட்டிற்கும் ஓர் இளம்பெண் வந்து கற்றுக்கொடுத்தார். கட்டைவிரலைக் கண்முன் நீட்டி, அதில் பார்வையை நிறுத்திக்கொண்டு தலையை மட்டும் இடமும் வலமும் திருப்ப வேண்டும். அம்மாவிற்கு முதலில் கோபம். ‘ஏம்ப்பா, தலையை ஆட்டினா சுத்துதுன்னு சொல்றேன். அந்தப் பொண்ணு ஆட்டித்தான் ஆகணும்ங்குது. நீயும் பார்த்துக்கிட்டு நிக்கிறே’ என்றார். முதல் வாரம் சுற்றல் அதிகமாயிற்று. நிறுத்திவிடலாமா என்று எனக்கே தோன்றியது. மூன்றாம் வாரம் நாற்காலியிலிருந்து பிடிக்காமல் எழுந்தார். பிறகு மெத்தைமேல் நின்று, பிறகு கூடத்தில் தலையைத் திருப்பிக்கொண்டே நடந்து, பிறகு வாசற்படி.

வரதராசப் பெருமாள் கோயிலில் மூலவரைக் காண அத்திகிரியின் இருபத்து நான்கு படிகளை ஏற வேண்டும். ஏறுவதை விட இறங்குவது கடினம்; இறங்கும்போது பார்வை கீழே போகிறது, உள்ளே வெளிச்சமும் குறைவு, பின்னால் கூட்டம் நெருக்குகிறது. சென்ற வைகாசியில், கருட சேவைக் கூட்டமெல்லாம் ஓய்ந்த ஒரு வாரநாள் காலையில் அம்மாவை அழைத்துப் போனேன். ஏறிவிட்டார். இறங்கும்போது என் தோளைப் பிடித்திருந்த கை பதின்மூன்றாம் படியிலோ பதினான்காம் படியிலோ விலகியது. நான் திரும்பிப் பார்த்தேன். ‘முன்னாடி பார்த்து இறங்குப்பா, நீ விழுந்துடப் போறே’ என்றார்.